கின்சேல் சந்தைக் கட்டடமும் ஒரு நீர்வண்ணப் படமும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய உங்கள் அத்தை, அங்கே பழக்கமான ஒரு குடும்பம் தந்ததாகச் சொல்லி ஒரு நீர்வண்ணப் படத்தைக் கொடுத்திருக்கிறார். பின்பக்கம் பென்சிலில் ‘கின்சேல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. முன்பக்க மூலையில் படிக்க முடியாத இரண்டு எழுத்து. படத்தில் ஒரு சின்ன ஊரின் தெருமுனை. நடுவில் ஒரு கட்டடம்: கீழே வளைவுகள், மேலே நீலம் கலந்த சாம்பல் நிறச் சுவர், அதற்கும் மேலே வளைந்து வளைந்து ஏறும் முகப்பு, கூரையில் குட்டியாக ஒரு கூண்டு. ஓரத்தில் பச்சை நிறத்தில் குட்டையான ஒரு தூணும், பக்கத்தில் ஒரு கறுப்புக் காரும். இது தேவாலயமா, எவ்வளவு பழசு, வரைந்தது யார், எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவாலயம் இல்லை, சந்தைக் கட்டடம். அயர்லாந்தில் ‘மார்க்கெட் ஹவுஸ்’ என்பார்கள். நீங்கள் சொன்ன அடையாளங்கள் பொருந்துவது கின்சேலின் பழைய மார்க்கெட் ஹவுஸுக்குத்தான். ஊர்க்காரர்கள் பலருக்கு அது ‘பழைய கோர்ட்ஹவுஸ்’. இரண்டு பெயரும் சரி. ஏன் இரண்டு பெயர் என்பதிலேயே அந்தக் கட்டடத்தின் பாதிக் கதை இருக்கிறது. நான் கார்க் நகரில் சில வருடங்கள் இருந்தேன். வார இறுதிகளில் வண்ணப்பெட்டியை எடுத்துக்கொண்டு கின்சேலுக்குப் பேருந்து ஏறுவது வழக்கம். அந்த முகப்பை நானும் மூன்று நான்கு முறை வரைந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கின்சேல், கார்க் நகருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், பேண்டன் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் துறைமுக ஊர். ஐரிஷ் மொழியில் அதன் பெயருக்கு ‘உப்புநீரின் தலை’ என்று பொருள். கடல்நீர் உள்ளே ஏறி வந்து நிற்கும் எல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அது சுற்றுலா ஊர். வண்ண வண்ணமாகச் சாயம் பூசிய கடைகள், மீன் சாப்பாட்டுக்குப் பெயர்போன உணவகங்கள். ஒரு காலத்தில் அதன் முக்கியத்துவமே வேறு. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போகிற, அங்கிருந்து வருகிற கப்பல்கள் ஒதுங்கும் துறைமுகம். ஒயின் வந்திறங்கும் இடம். போர் வந்தால் முதலில் அடிபடும் இடம்.

படத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். கட்டடத்தின் வரலாறும் கிட்டத்தட்ட அந்த வரிசையிலேயே வரும்.

கீழே இருக்கும் வளைவுகள்தான் சந்தை. 17, 18-ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் சின்ன ஊர்களின் பொதுக் கட்டடம் அநேகமாக இந்த ஒரே அமைப்பில்தான் இருக்கும்: தரைத்தளம் வளைவுகளோடு தெருப் பக்கம் திறந்திருக்கும், மேல்தளத்தில் ஒரு பெரிய கூடம். காரணம் எளிது, மழை. அங்கே மழை நம்மூர் ஐப்பசி மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டு ஓயாது. நாள் முழுக்கச் சிணுங்கிக்கொண்டே இருக்கும். தானிய மூட்டையும் வெண்ணெய்ப் பீப்பாயும் நனையாமல் எடை போட வேண்டும். விற்கிறவர், வாங்குகிறவர் இருவரும் நம்பும் ஒரு பொதுத் தராசு வேண்டும். சந்தைக்கு வரும் சரக்குக்கு ஊர் நிர்வாகம் சுங்கம் வசூலிக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூரைதான் அந்த வளைவுகள். சில ஊர்களில் இதே வகைக் கட்டடத்துக்கு ‘தோல்செல்’ என்று பெயர். சுங்கம், கூடம் என்ற இரண்டு பழைய ஆங்கிலச் சொற்கள் ஒட்டி வந்த சொல் அது. கில்கென்னியில் 1761-இல் கட்டிய தோல்செல், நடைபாதையின் மேலேயே வளைவுகளை நீட்டிக்கொண்டு இன்றும் நிற்கிறது. கீழே சரக்கு, மேலே அதிகாரம் என்ற அதே ஏற்பாடுதான் அங்கும்.

கின்சேல் கட்டடம் அதைவிட ரொம்ப மூத்தது. அதன் அடிப்படைக் கட்டுமானம் சுமார் 1600-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டை வைத்துப் பார்த்தால், சுவர் பழகுவதற்குள்ளேயே ஊரில் போர் வந்துவிட்டது. 1601 செப்டம்பரில் ஸ்பெயின் படை ஒன்று கின்சேலில் வந்திறங்கி ஊரைப் பிடித்தது. ஆங்கில ஆட்சிக்கு எதிராக வடக்கே போராடிக்கொண்டிருந்த ஹியூ ஓ’நீல், ஹியூ ஓ’டோனல் என்ற ஐரிஷ் தலைவர்களுக்கு உதவத்தான் வந்தார்கள். ஆனால் இறங்கியதோ தெற்கு ஓரத்தில். ஆங்கிலத் தளபதி மவுன்ட்ஜாய் ஊரை முற்றுகையிட்டார். அந்த முற்றுகையை உடைக்க ஓ’நீலும் ஓ’டோனலும் குளிர்காலத்தில் நாட்டின் நீளம் முழுக்க நடந்து தெற்கே வர வேண்டியதாயிற்று. போர் நடந்த நாள் இன்றைய நாட்காட்டிப்படி 1602 ஜனவரி 3. ஆங்கிலேயர் அப்போது வைத்திருந்த பழைய நாட்காட்டிப்படி 1601 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஐரிஷ் தரப்பு ஊருக்கு வெளியே தோற்றது. ஐந்து வருடம் கழித்து, 1607-இல், ஓ’நீலும் மற்ற வடக்குத் தலைவர்களும் நாட்டை விட்டே கப்பலேறினார்கள். ஐரிஷ் தலைவர்களே ஆண்ட பழைய கேலிக் அயர்லாந்தின் முடிவு கின்சேலில் தொடங்கியது என்று ஐரிஷ்காரர்கள் இன்றும் சொல்வது இதனால்தான். ஊர்ப் பெயரைச் சொன்னாலே வயதானவர்கள் முகம் ஒரு நொடி மாறும், நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து மேலே இருக்கும் அந்த வளைந்த முகப்பு. உங்கள் படத்தில் வரைந்தவர் அதிகம் ரசித்து வரைந்த பகுதி அதுவாகத்தான் இருக்கும். என்னையும் அது விடாமல் இழுத்த பகுதி. அது அசல் கட்டடத்தோடு வந்ததில்லை. 1706-இல் சேர்த்தது. டச்சு பாணி முகப்பு என்பார்கள். கூரையின் முக்கோண விளிம்பை நேர்க்கோடாக விடாமல், உள்ளே வெளியே என்று வளைத்துக் கொண்டுபோய் உச்சியில் முடிப்பது. நெதர்லாந்து நகரங்களின் பழைய படங்களைப் பார்த்திருந்தால் சட்டென்று நினைவுக்கு வரும்.

கார்க் கடற்கரைக்கு டச்சு முகப்பு எப்படி வந்தது? 1689 மார்ச்சில், இங்கிலாந்தில் பதவி இழந்த மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் பிரான்சிலிருந்து வந்திறங்கியது இதே கின்சேலில்தான். அயர்லாந்தைத் தளமாக வைத்து அரியணையை மீட்பது அவர் திட்டம். அவரை எதிர்த்து வந்தவர், அந்த அரியணையில் அப்போது இருந்த மூன்றாம் வில்லியம். ஆரஞ்சு வம்சத்தவர், டச்சுக்காரர். 1690-இல் வில்லியம் தரப்புக்காக மார்ல்பரோ என்ற ஆங்கிலத் தளபதி வந்து கின்சேலை முற்றுகையிட்டுப் பிடித்தார். அதற்கப்புறம் வந்த இருபது முப்பது ஆண்டுகளில் டப்ளின், கார்க், லிமெரிக் என்று எங்கும் இந்த வளைந்த முகப்பு வீடுகள் எழுந்தன. அவற்றுக்கு ‘டச்சு பில்லி’ என்ற செல்லப் பெயரே உண்டு. பில்லி என்றால் வில்லியம். எல்லாமே அரசியல் விசுவாசம் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்தக் காலத்தில் வடக்கு ஐரோப்பாவில் அது பொதுவான மோஸ்தரும்கூட. ஆனால் ஊர் நிர்வாகம் தன் சொந்தக் கட்டடத்துக்கு, அதுவும் ஜேம்ஸ் வந்திறங்கிய ஊரில், அந்த முற்றுகை முடிந்து பதினாறு வருடத்தில் இந்த முகப்பைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. வென்ற தரப்போடு இருக்கிறோம் என்று சந்தை நாளில் வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த முகப்பு சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

டப்ளினில் இப்படிப்பட்ட முகப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பின்னால் நேர்க்கோட்டு முகப்புகளை விரும்பிய ஜார்ஜிய பாணி வந்தபோது வளைவுகளின் இரு பக்கமும் செங்கல் வைத்து நிரப்பி நேர்க்கோடாக ஆக்கிவிட்டார்கள், மிச்சத்தை இடித்துவிட்டார்கள். அதனால் ஒரு சின்ன ஊரில், பொதுக் கட்டடம் ஒன்றில், அது இன்னும் தெருவைப் பார்த்து நிற்பது பெரிய விஷயம். உங்கள் படத்தின் மதிப்பில் ஒரு பங்கு இதற்கே போகும்.

அந்த நீலச் சாம்பல் சுவரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது வெறும் சாயமில்லை, கற்பலகை. தெற்குக் கடற்கரையில் காற்று மழையைப் படுக்கையாக ஓட்டிக்கொண்டு வந்து சுவரில் அடிக்கும். அதனால் கூரைக்குப் போடும் சிலேட் பலகையையே சுவரிலும் மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடித்துத் தொங்கவிடுவார்கள். கின்சேல் வீடுகளுக்கு இது ஒரு தனி அடையாளம். நனைந்த சிலேட் ஒரு நிறம், காய்ந்த சிலேட் வேறு நிறம். நீர்வண்ணத்தில் இதைப் பிடிக்க அல்ட்ராமரின் நீலத்தோடு சுட்ட சியன்னாப் பழுப்பைக் கலப்போம். அந்தக் கலவை காகிதத்தின் குழிகளில் பொடிப்பொடியாகப் படியும். சிலேட்டின் சொரசொரப்பு தானாகவே வந்துவிடும். உங்கள் படத்தில் சாம்பல் பகுதியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நிறம் சீராக இல்லாமல் புள்ளி புள்ளியாகப் படிந்திருந்தால், வரைந்தவருக்குக் கை பழகியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று: அங்கே வெளியில் உட்கார்ந்து வரைவது லேசில்லை. ஈரக்காற்றில் ஒரு பூச்சு காய்வதற்குள் கால் மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் அடுத்த தூறல் வந்துவிடும். என் படம் ஒன்றில் வானம் முழுக்க மழைத்துளி விழுந்த வட்டங்கள் இருக்கின்றன. உங்கள் படத்திலும் அப்படி வெளிறிய வட்டங்கள் இருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைந்தது என்பதற்கு அது சாட்சி.

இனி மேல்தளக் கூடம். ‘கோர்ட்ஹவுஸ்’ என்ற பெயர் வந்தது இதனால்தான்; ஊர் நிர்வாகத்தின் நீதிமன்றம் கூடிய இடம் இது. கின்சேலில் ஊர்த் தலைவருக்கு மேயர் என்ற பெயர் கிடையாது, ‘சாவரின்’ என்பார்கள். 1840-இல் வந்த சட்டம் அயர்லாந்தின் பெரும்பாலான ஊர் நிர்வாகங்களைக் கலைத்தது. பத்து நகரங்களுக்கு மட்டும் விட்டுவைத்தது. அந்தப் பத்தில் கின்சேல் இல்லை. அதோடு சாவரின் போனார். கட்டடம் இருந்தது, கூடம் இருந்தது. அந்தக் கூடத்துக்கு அதன் மிகப் பெரிய நாள் அப்புறம்தான் வந்தது.

1915 மே 7, வெள்ளிக்கிழமை. நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்த லுசிடானியா என்ற பயணிகள் கப்பலை, பிற்பகல் இரண்டு மணிக்குக் கொஞ்சம் அப்புறம், யு-20 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. இடம், கின்சேலின் பழைய முனை என்று சொல்லப்படும் கடல்முனைக்கு அப்பால். பதினெட்டு நிமிடத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. இருந்தவர்கள் சுமார் 1,960 பேர். இறந்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். உயிரோடு மீட்டவர்களையும் உடல்களையும் பெரும்பாலும் குவீன்ஸ்டவுன் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று அதன் பெயர் கோவ். ஐந்து உடல்கள் மட்டும் கின்சேலுக்கு வந்தன.

சட்டப்படி, உடல் எந்த ஊருக்கு வருகிறதோ அந்தப் பகுதியின் மரண விசாரணை அதிகாரி விசாரிக்க வேண்டும். அங்கே அதிகாரி ஜான் ஹோர்கன் என்ற வழக்கறிஞர். அவர் காத்திருக்கவில்லை. மறுநாளே விசாரணையைத் தொடங்கி, அதற்கு இந்தச் சந்தைக் கட்டடத்தின் கூடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஜூரியில் உட்கார்ந்தவர்கள் உள்ளூர்க் கடைக்காரர்களும் மீனவர்களும். உலகப் போரின் மிகப் பெரிய கடல் குற்றச்சாட்டை, நேற்றுவரை கீழே மீனும் மாவும் விற்று வாங்கியவர்கள் மேலே ஏறி வந்து கேட்டார்கள். மே 10, திங்கட்கிழமை, கப்பலின் காப்டன் வில்லியம் டர்னர் அங்கே வந்து சாட்சி சொன்னார். கப்பல் மூழ்கியபோது அதிலேயே இருந்து, நீரில் பல மணி நேரம் மிதந்து மீட்கப்பட்டவர். அவருக்கு ஹோர்கன் அனுதாபம் சொன்னபோது தலை குனிந்து அழுதுவிட்டார் என்று ஹோர்கன் பின்னாளில் எழுதியிருக்கிறார். அன்றைக்கே ஜூரி தீர்ப்புச் சொன்னது. நீர்மூழ்கியின் அதிகாரிகள், ஜெர்மன் அரசு, ஜெர்மன் பேரரசர் எல்லோர் மீதும் திட்டமிட்ட கூட்டுக் கொலைக் குற்றம்.

அதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு எப்போதும் மறக்காதது. தீர்ப்பு வந்து அரை மணி நேரம் கழித்து, கார்க் பகுதியின் அரசு வழக்கறிஞர் வேகவேகமாக வந்து சேர்ந்தார். விசாரணையை நிறுத்த வேண்டும், காப்டன் சாட்சி சொல்லக் கூடாது என்று லண்டன் கடற்படைத் தலைமையிடமிருந்து உத்தரவு கொண்டுவந்திருந்தார். அதற்குள் காப்டன் பேசி முடித்து, ஜூரி தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. லண்டனில் பெரிய விசாரணை ஒன்று பிறகு நடந்தது. அதன் ஒரு பகுதி மூடிய கதவுக்குள் நடந்தது. ஆனால் காப்டனின் முதல் வாக்குமூலம், வெளியார் திருத்துவதற்கு முன்னால், ஊர்க்காரர்கள் முன்னிலையில் பதிவானது இந்தக் கூடத்தில்தான். ஒரு சின்ன ஊரின் அதிகாரி அவசரப்பட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று ஒவ்வொரு முறை அந்தப் படியேறும்போதும் நினைத்துக்கொள்வேன்.

ஓவியம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அந்தக் கப்பலில் இறந்தவர்களில் ஒருவர் சர் ஹியூ லேன். அயர்லாந்து தேசிய ஓவியக் கூடத்தின் அன்றைய இயக்குநர். கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். டப்ளினில் 1908-இல் நவீன ஓவியக் கூடம் ஒன்றைத் திறக்க வைத்தவர். 1915-இல் அதே கார்க் கடற்கரைக்கு எதிரே மூழ்கிப்போனார். உடல் கிடைக்கவில்லை. ஈயப் பெட்டிகளில் பெரிய ஓவியர்களின் படங்களைக் கொண்டுவந்தார் என்று ஒரு பேச்சு இன்றுவரை ஓயவில்லை. அந்தப் பேச்சு காரணமாகவே 1995-இல் ஐரிஷ் அரசு கப்பலின் சிதைவைப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்துப் பாதுகாத்தது. அவர் விட்டுப்போன 39 படங்கள் யாருக்கு என்று லண்டனும் டப்ளினும் பல பத்தாண்டுகள் சண்டை போட்டன. படங்களை டப்ளினுக்குத் தருவதாக உயிலில் அவர் சேர்த்த குறிப்பில் சாட்சிக் கையெழுத்து இல்லை என்பதுதான் காரணம். நீங்கள் கையில் வைத்திருக்கும் சாதாரணப் படத்தின் கட்டடத்துக்கும் ஐரிஷ் ஓவிய உலகத்தின் பெரிய இழப்புக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான் தூரம்.

1940-இலிருந்து கட்டடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. லுசிடானியாப் பொருட்கள் அங்கே உண்டு. கின்சேலில் பிறந்து எட்டடிக்கு மேல் வளர்ந்த பேட்ரிக் காட்டர் என்ற 18-ஆம் நூற்றாண்டு மனிதரின் பூட்ஸும் உண்டு. குழந்தைகள் நேராக அதற்குத்தான் ஓடுவார்கள்.

சரி, படம் எவ்வளவு பழசு?

முதல் துப்பு நீங்களே சொன்ன அந்தப் பச்சைத் தூண். அது தபால் பெட்டியாக இருந்தால் நல்ல துப்பு. பிரிட்டிஷ் ஆட்சியில் தபால் பெட்டிகள் 1874 முதல் சிவப்பு. 1922-இல் சுதந்திர அயர்லாந்து வந்ததும் புதுப் பெட்டி வாங்கக் காசைச் செலவழிக்காமல் இருந்ததற்கே பச்சை அடித்தார்கள். இன்றும் பல ஊர்களில் பச்சைச் சாயத்துக்கு அடியில் விக்டோரியா ராணியின் எழுத்து முத்திரை துருத்திக்கொண்டு தெரியும். ஆக, பச்சைப் பெட்டி என்றால் 1922-க்கு அப்புறம். ஒரே ஒரு சிக்கல், 1874-க்கு முன்னாலும் சில காலம் பெட்டிகள் பச்சையாக இருந்தன. ஆனால் உங்கள் படத்தில் கார் இருக்கிறது, அதனால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. காரின் வடிவத்தைக் கவனியுங்கள். தனியாகத் துருத்தி நிற்கும் மட்கார்டும் நேராக நிற்கும் கண்ணாடியும் இருந்தால் போருக்கு முந்தைய கார். உருண்டு திரண்ட உடம்பு என்றால் 1950-களை ஒட்டியது.

இரண்டாவது துப்பு காகிதம். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்று கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். இருட்டு அறையில் படத்தின் பின்பக்கத்தில் சில நொடி மட்டும் அடித்துப் பாருங்கள். காகிதம் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், வெண்மைக்காக ரசாயனம் சேர்த்த காகிதம். அது சுமார் 1950-க்குப் பிந்தியது. மங்கலாகவே இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்கலாம், நல்ல பருத்திக் காகிதமாகவும் இருக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறி, அதாவது காகிதம் செய்யும்போதே அதற்குள் பதிந்த குறி, தெரிகிறதா என்றும் பாருங்கள். ‘வாட்மன்’ என்ற ஆங்கிலக் காகிதத் தயாரிப்பாளரின் பெயரும் ஒரு ஆண்டும் தெரிந்தால் அதிர்ஷ்டம்; படம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

மூன்றாவது, பழைய புகைப்படங்களோடு ஒப்பிடுவது. டப்ளினில் உள்ள தேசிய நூலகத்தில் லாரன்ஸ் தொகுப்பு என்று சுமார் 40,000 கண்ணாடித் தகட்டுப் படங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் 1870-க்கும் 1914-க்கும் நடுவில் எடுத்தவை. எடுத்தவர் அநேகமாக ராபர்ட் பிரெஞ்ச் என்ற ஒருவரே. ஊர் ஊராகத் தேடலாம், இணையத்தில் இலவசம். பக்கத்துக் கடையின் பலகை, விளக்குக் கம்பம், புகைபோக்கிகளின் எண்ணிக்கை இவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஐரிஷ் அரசின் கட்டடப் பாரம்பரியப் பட்டியலும் இணையத்தில் இருக்கிறது. மாற்றங்கள் எப்போது நடந்தன என்று அங்கே பார்க்கலாம்.

வரைந்தது யார் என்பதற்கு அந்த இரண்டு எழுத்தை வைத்து என்னால் பெயர் சொல்ல முடியாது, சொன்னாலும் நீங்கள் நம்பக் கூடாது. ஆனால் எந்தக் கூட்டத்திலிருந்து வந்திருக்கும் என்று சொல்லலாம். அயர்லாந்தில் நீர்வண்ணம் ஒரு பெரிய வீட்டுக் கலையாக இருந்தது. 1870-இல் வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்தின் லிஸ்மோரில் ஆறு பெண்கள் சேர்ந்து அமெச்சூர் ஓவியச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஓவியப் பள்ளிகள் பெண்களுக்குச் சரியாகக் கதவு திறக்காத காலம். அந்தச் சங்கம்தான் வளர்ந்து இன்றைய அயர்லாந்து நீர்வண்ணச் சங்கமாக ஆண்டுதோறும் கண்காட்சி நடத்துகிறது. மில்ட்ரெட் ஆன் பட்லர், ரோஸ் பார்ட்டன் போன்ற பெரிய கைகள் அந்தக் கண்காட்சிகளில் இடம்பெற்றவர்கள். அவர்களைச் சுற்றிப் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கள் ஊர்ச் சந்தையை, ஆற்றை, தேவாலயத்தை வரைந்து உறவினருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பென்சிலில் ஊர்ப்பெயர் மட்டும், முன்னால் இரண்டு எழுத்து, ஒரு குடும்பம் நர்ஸுக்கு அன்பாகக் கொடுத்தது: எனக்கு இது அந்த வழியில் வந்த படமாகத்தான் படுகிறது. ஏலத்தில் பெரிய தொகை வராது. அதற்காக வருத்தப்படாதீர்கள், பாட்டியின் கையெழுத்தை மாதிரி ஒன்றை அந்த வீட்டார் உங்கள் அத்தையை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

பத்திரப்படுத்துவதில்தான் நீங்கள் உடனே கவனம் வைக்க வேண்டும். நீர்வண்ணத்துக்கு முதல் எதிரி வெளிச்சம். டப்ளின் தேசிய ஓவியக் கூடத்துக்கு ஹென்றி வாகன் என்பவர் 1900-இல் டர்னர் என்ற புகழ்பெற்ற ஓவியரின் 31 நீர்வண்ணப் படங்களை விட்டுச் சென்றார். (கப்பல் காப்டன் டர்னருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) அவர் வைத்த நிபந்தனை, வருடத்தில் ஜனவரி மாதம் மட்டுமே காட்ட வேண்டும் என்பது. அங்கே வெயில் மிகவும் மெலிந்திருக்கும் மாதம் அது. நூறு வருடத்துக்கு மேலாகக் கூடம் அதைக் கடைப்பிடித்து வருகிறது. அந்த வண்ணங்கள் இன்றும் நேற்றுப் பூசியது மாதிரி இருக்கின்றன. ஒரு ஜனவரியில் வரிசையில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். டப்ளின் வெயிலுக்கே இவ்வளவு பயம் என்றால் நம்மூர் வெயிலை யோசித்துப் பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள். வெளிச்சுவரிலும் வேண்டாம், மழைக்காலத்தில் ஓதம் ஏறும். உள்ளறைச் சுவர்தான் சரி. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கேட்டால் சட்டம் போடும் கடைகளில் கிடைக்கும். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் அமிலமில்லாத அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும்.

என் படம் ஒன்றை இங்கே ஒரு கடையில் சட்டம் போடக் கொடுத்தேன். அவர்கள் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டிவிட்டார்கள். இரண்டே வருடத்தில் வானம் பழுப்பாகிவிட்டது. பிரிக்கவும் முடியவில்லை. அதனால் கடையில் கொடுக்கும்போதே ‘ஒட்டக் கூடாது, மேல் விளிம்பில் காகிதக் கீல் மட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் நின்று பார்ப்பது இன்னும் நல்லது. பழைய சட்டத்தைக் கழற்றும்போது பின் அட்டையையும் அதில் ஒட்டியிருக்கும் துண்டுக் காகிதங்களையும் தூக்கிப் போட விடாதீர்கள். சட்டம் போட்ட கடையின் சீட்டு, விலை, கண்காட்சி எண் என்று எதுவானாலும் அங்கேதான் ஒட்டியிருக்கும். அந்த இரண்டு எழுத்துக்கு ஒரு பெயர் கிடைப்பதாக இருந்தால், பெரும்பாலும் அதிலிருந்துதான் கிடைக்கும்.